வீரம்மாவின் கம்பளிச் சட்டை

"பிணத்துக்கு மேல போட்டதை எடுத்தனீரோ இல்லையோ? அதை மட்டும் சொல்லும்!"

பூமணி டீச்சரின் குரல் கீழ்த்தள ஹாலில் கிளம்பி நாலாம் மாடி வரைக்கும் ஏறியது. பள்ளிக்கூடத்தை விட்டுப் பதினான்கு வருடம் ஆகிறது, குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. துணி காயப்போட வந்தவர்கள் கிளிப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்கள். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் மாரியம்மன் திருவிழாவுக்கு அடுத்தபடியாகக் கூட்டம் சேர்வது இந்த மாதிரி விஷயத்துக்குத்தான்.

"டீச்சர், மரியாதையா பேசுங்க. நான் என்ன திருடியா?" என்றாள் கோமதி.

"திருடின்னு யாரும் சொல்லல ஆன்டி," என்றாள் குமுதா. மூன்றாம் மாடி. பின்னல் குழுவிலேயே வயதில் சின்னவள். "பெட்டி மூடுறதுக்கு முன்ன உங்க பேக் சப்பையா இருந்துச்சு. வெளிய வரும்போது புசுபுசுன்னு இருந்துச்சு. அவ்ளோதான் லா."

"ஓ, நீ பேக்கெல்லாம் அளக்குறியா? முப்பது வயசாச்சு, மாப்பிள்ளைய அளக்க வழியக் காணோம்."

யாரோ சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

"கோமதி, எடுத்திருந்தா இப்பவே தாரும், எரிச்சுப் போடுவம். ஸ்லீவ் ஸ்லீவ் எண்டு கேட்டுக் கேட்டே செத்தவ வீரம்மா. அவவுக்குப் போட்ட கோடி அது. வீட்டில வைக்கிற சாமான் இல்ல."

கோமதி சுற்றிலும் பார்த்தாள். அத்தனை கண்கள். ஒப்புக்கொண்டால் இந்தக் கட்டடத்தில் இனி லிஃப்டில் ஏற முடியாது. அவள் கையை நீட்டி, காற்றில் ஏதோ ஒரு தலை இருப்பது போல அதன் மேல் வைத்துச் சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரர் தலை மேல சத்தியமா நான் எடுக்கல. போதுமா?"

வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் எந்திரத்தில் உயிரைக் கட்டிவைத்திருக்கும் மனிதரின் தலை அது. அதன் மேல் பொய்ச் சத்தியம் செய்யத் துணிகிறவள் யாரும் இருக்க மாட்டாள் என்று எல்லாரும் நம்பினார்கள். கோமதிக்கே ஒரு நொடி, தான் எடுக்கவில்லை என்றுதான் பட்டது.

சட்டை அவள் வீட்டு அவனுக்குள், இரண்டு குவாலிச் சட்டிகளுக்கு அடியில் இருந்தது.

அவன் என்றால் கேக் சுடுகிற அவன்தான். கேக் சுட்டு வருடக்கணக்காகிறது. பழைய ஐஸ்கிரீம் டப்பா, ரப்பர் பேண்ட், போத்தல் மூடி எதையும் எறியாத கோமதி, அதையும் ஒரு பெட்டியாக்கி வைத்திருந்தாள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வெயிலில் கம்பளிச் சட்டை பின்னுகிற பெண்கள் என்றால் வெளியாளுக்குச் சிரிப்பு வரும். டயாலிசிஸ் சென்டரில் நாலு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் வராது. ரத்தம் குழாய் வழியே வெளியே போய்ச் சுற்றி, குளிர்ந்து திரும்பி வரும். தலைக்கு மேல் ஏர்கோன் வேறு. அதனால்தான் டீச்சர் இந்தக் குழுவைத் தொடங்கினார். ஒரு சட்டையைப் பலர் சேர்ந்து பின்னுவது அவர்கள் வழக்கம். ஒருத்தி உடம்பு, ஒருத்தி ஸ்லீவ், ஒருத்தி பொத்தான். இடது ஸ்லீவ் நீளவாக்கில் திறந்து பொத்தான் வைத்திருக்கும், ஊசி குத்துகிற கையை வெளியே எடுக்க. அளவெடுக்க டேப் கிடையாது. சட்டையின் நூலையே நோயாளியின் கையில் பிடித்து, நீளத்துக்கு வெட்டி, முடிச்சுப் போட்டு, சட்டையோடு கட்டிவிடுவார்கள்.

வீரம்மா நோயாளி, குழுவில் ஓர் ஆளும்கூட. பந்திங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து வாடகை அறையில் இருந்தவள், சொந்தம் என்று யாரும் இல்லை. ஏழாம் நாற்காலியில், இடது கை குழாயோடு அசையாமல் கிடக்க, ஓர் ஊசியை வலது அக்குளில் செருகி, கறுப்புக் கயிறு கட்டிய வலது கையால் மட்டுமே பின்னுவாள். அதைப் பார்க்க நர்ஸ் மிஸ்ஸிகளே வந்து நிற்பார்கள். ஒரு கை வேலை என்பதால் ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணி முறுக்கேறி, மிளகு போல இறுகியிருக்கும். தன் சட்டையின் உடம்பைத் தானே பின்னி முடித்தாள். மெரூன் நிறம். ஸ்லீவ் கோமதியின் பங்கு. "கோமதி, ஸ்லீவ் எப்ப வரும்? குளுருது லா." கோமதி நாலு மாதமாக அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றாள். அடுத்த வாரம் வந்தது, வீரம்மா இல்லை.

பிறந்த வீட்டுக் கோடி போட ஆளில்லாத பிணத்தின் மேல் டீச்சர் அந்தச் சட்டையையே போர்த்தினார். எல்லாரும் இரங்கல் ஏட்டில் கையெழுத்துப் போட வெளியே போன நேரத்தில், எரிப்பதற்கா இவ்வளவு நல்ல நூல் என்று கோமதிக்குத் தோன்றியது. அவள் கணவர் சோலையப்பனுக்கு இப்போது அதே ஏழாம் நாற்காலி. அவரும் நடுங்குகிறார்.

இதில் கோமதியின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. அதுதான் வருத்தம்.

*

புதன்கிழமை மதியம், சண்டை முடிந்த கையோடு, அவள் அவனைத் திறந்தாள். வெளியே பழுக்கக் காய்ச்சிய வெயில். அடுக்களைச் சுவர்கூடத் தொட்டால் சுட்டது. சட்டை மட்டும் ஜில்லென்றிருந்தது, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மீன் பொட்டலம் போல. அதன் மடிப்புக்குள்ளிருந்து ஸ்பிரிட்டும் வாடிய மல்லியும் கலந்த ஒரு வாசனை மெல்ல எழுந்து, சாம்பார் வாசனைக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டது.

"என்ன நாத்தம்?" என்றார் சோலையப்பன், முன்னறையிலிருந்து.

"ஒண்ணுமில்லங்க. குழாய் அடைப்பு."

வீரம்மாவின் அளவு நூல் அக்குள் பக்கம் கட்டியிருந்தது. அதை அவிழ்த்துக் குப்பையில் போட்டாள். கணவர் கையை வேறு நூலில் அளந்து வைத்திருந்தாள். வலது தோளைச் சுற்றி அறுபத்துநான்கு கண்ணி எடுத்து, மணிக்கட்டை நோக்கிப் பின்னத் தொடங்கினாள். மோனோரயில் போகும் சத்தம், கீழே சாலையில் கண் தெரியாதவர்களின் கைத்தடி தட்டிப் போகும் சத்தம், ஊசியோடு ஊசி உரசும் சத்தம். முப்பது வரிசை முடித்து, கண்ணி நழுவாமல் ஊசி முனைகளில் தக்கை குத்தி, அவனுக்குள் வைத்து மூடினாள்.

வியாழக்கிழமை சென்டரில் சோலையப்பனை ஏழாம் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தே தாரே டீ வாங்கக் கீழே போனாள். பத்து நிமிடம்கூட இல்லை. திரும்பி வந்தபோது அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

"அளந்து முடிச்சிட்டியா?"

"எதை?"

"என் கையத்தான். தூக்கத்துல இருந்தேன், தோள்லேருந்து மணிக்கட்டு வரைக்கும் நூல வச்சு இழுத்தியே. அப்புறம் கழுத்தச் சுத்தியும். நீதானே?"

அவருடைய மணிக்கட்டில், நரை முடிகளுக்கு நடுவே, கட்டி அவிழ்த்தது போல ஒரு மெல்லிய பள்ளம் ஓடியது. அதில் ஒட்டியிருந்தது மெரூன் நிறத்தில் ஒரு பிசிறு.

"நான்தான்," என்றாள். வேறென்ன சொல்வது?

வெள்ளிக்கிழமை அவனைத் திறந்தபோது ஸ்லீவில் முப்பது வரிசை இல்லை. அவள் இரண்டு தடவை எண்ணினாள், பிறகு விளக்கைப் போட்டு எண்ணினாள், பிறகு ஜன்னலோரம் எடுத்துப் போய் நகத்தால் ஒவ்வொரு வரிசையாகத் தொட்டு எண்ணினாள். நாற்பத்தாறு. முப்பது வரைக்கும் அவளுடைய கை, தளர்வாக, சோம்பலாக. அதற்கப்புறம் வரிசைக்கு வரிசை முதல் கண்ணி மிளகு போல இறுகியிருந்தது. தக்கைகள் அவனின் தரையில் அருகருகே கிடந்தன. ஓர் ஊசி ஸ்லீவில் இருந்தது. இன்னொன்று அங்கே இல்லை. அது சட்டையின் வலது அக்குளில், நேராக, யாரோ பத்திரமாக இடுக்கிக்கொண்டது போலச் செருகியிருந்தது.

குமுதாதான், என்று முடிவு கட்டினாள். மாற்றுச் சாவியை எப்படியோ பிடித்து உள்ளே வந்து விளையாடுகிறாள். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு வேறென்ன வேலை? அந்த நினைப்பு ஐந்து நிமிடம் ஆறுதலாகத்தான் இருந்தது. பிறகு அந்தப் பதினாறு வரிசையைப் பிரித்தாள். வந்த நூல் ஈரமாக வந்தது. நேற்றுப் பின்னிய நூல் போல நேராக விழவில்லை. பல வருடம் பின்னலிலேயே கிடந்தது போல நெளிந்து, சுருண்டு, விரலைச் சுற்றி, விரலிலேயே தங்கப் பார்த்தது.

சனிக்கிழமை சோலையப்பனின் நடுக்கம் கூடியது. சென்டரிலிருந்து வந்தும் நிற்கவில்லை. ஞாயிறு மதியம், முப்பத்துநாலு டிகிரி வெயிலில், இரண்டு போர்வைக்குள் கிடந்து பல்லைக் கடித்தார். "குளுருது கோமதி. குளுருது லா." அவர் லா போட்டுப் பேசுகிற ஆளே இல்லை. சுத்தத் தமிழ்ச் செட்டியார் என்று பீற்றிக்கொள்கிறவர்.

கோமதி அடுக்களை வாசலில் நின்று அவனைப் பார்த்தாள். திறக்கவில்லை. உள்ளே சட்டிகள் மெல்ல உரசின. டிக். டிக். இரும்பில் இரும்பு. அல்லது ஊசியில் ஊசி.

திங்கட்கிழமை திறந்தாள்.

வலது ஸ்லீவ் முடிந்திருந்தது. இடது ஸ்லீவும் முடிந்திருந்தது. அவள் தொடங்கவே இல்லாத இடது ஸ்லீவ். நீளவாக்கில் திறப்பு, ஆறு பொத்தான். வெள்ளைப் பொத்தான்கள். எங்கோ பார்த்தவை. அலமாரிக்கு ஓடினாள். சோலையப்பனின் ஆறு சட்டைகள் மாட்டியிருந்தன. ஆறிலும் கழுத்துப் பொத்தான் இல்லை. குப்பையில் போட்ட அளவு நூல், சட்டையின் கழுத்தில், புது முடிச்சோடு கட்டியிருந்தது.

*

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டரைக்கு அவள் இரண்டாம் மாடிக்கு இறங்கிப் போய், பூமணி டீச்சரின் கதவைத் தட்டி, உள்ளே போனதும் அழத் தொடங்கி, ஒரு மணி நேரம் அழுதாள். கோமதி அழுது யாரும் பார்த்ததில்லை. அதனால் டீச்சர் திட்டவில்லை.

"எடுத்தனான் எண்டு சொல்லும்."

"எடுத்தேன் டீச்சர்."

"ஸ்லீவ்?"

"ரெண்டும் முடிஞ்சிருச்சு. நான் முடிக்கல."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். ரொம்ப நேரம் துடைத்தார். "சட்டைக்காகக்கூட நான் பயப்படேல்ல," என்றார். "உம்மட மனுசன்ர தலையில அடிச்சுச் சொன்னீரே. அந்தத் தலையைக் குடுத்துப்போட்டு வந்திருக்கிறீர். ஓடும். அவர் கண்ணில படுறதுக்கு முதல் கொண்டு வாரும்."

அவள் மூன்று படி ஒரு படியாக ஏறினாள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே முன்னறை விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு போர்வையும் கட்டிலில் மடித்து வைத்திருந்தது. சோலையப்பன் வாழ்க்கையில் ஒரு போர்வையும் மடித்ததில்லை.

அடுக்களையில் அவன் திறந்து கிடந்தது. குவாலிச் சட்டிகள் தரையில்.

சென்டர் வேன் ஒன்றேகாலுக்கு வந்து அவரை ஏற்றிப் போயிருந்தது. வாசலில் நின்ற காவலாளி சிரித்தான். "அங்கிள் இன்னைக்கு புது சுவெட்டர் போல. ஹேன்சம்மா இருந்தாரு ஆன்டி."

பத்து நிமிட நடை. அவள் ஓடத் தொடங்கும்போதே வானம் கறுத்துவிட்டது. கோலாலம்பூர் மழைக்குப் பீடிகை கிடையாது. இரண்டு மணிகூட ஆகவில்லை, கடைகளில் விளக்கேற்றிவிட்டார்கள். பூக்கடைப் பிளாஸ்டிக் கூரைகள் படபடவென அடிக்க, சாக்கடையும் மல்லியும் பொரித்த வடையும் ஒரே வாசனையாகக் குழம்ப, கடைகளை ஒட்டிய ஐந்தடி நடைபாதையில் எதிரே வந்த கண் தெரியாத பெரியவர் ஒருவர் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார். அவள் தாண்டிய பிறகும் ஒதுங்கியே நின்றார். அவளுக்குப் பின்னால் இன்னொருவர் வருவதுபோல. அவரும் போகட்டும் என்பதுபோல.

கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். குளிர் முகத்தில் அறைந்தது. ஸ்பிரிட். வாடிய மல்லி.

எந்திரங்கள் சீராக முனகிக்கொண்டிருந்தன. பன்னிரண்டு நாற்காலி. பன்னிரண்டு போர்வை. டீவியில் சத்தமில்லாமல் யாரோ சமைத்தார்கள்.

"அங்கிள் இன்னைக்கு நல்லா தூங்குறாரு," என்றாள் மிஸ்ஸி, கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல். "ஒரு கம்ப்ளெயின்ட்டும் இல்ல."

ஏழாம் நாற்காலி.

சோலையப்பன் தூங்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் நிறம் ஏறியிருந்தது. சட்டையை அவர் மாட்டவில்லை. சால்வை போலத் தோளில் போட்டு, கழுத்தை மட்டும் மூடியிருந்தார். இடது கை பலகையில், வெறுங்கையாக, இரண்டு சிவப்புக் குழாயோடு. வலது கை மடியில், வெறுங்கையாக, பிஸ்கட் ஒன்றைப் பிடித்தபடி.

இரண்டு கையும் வெளியே இருந்தன. கோமதி அதைப் பார்த்தாள். நிம்மதியாக ஒரு மூச்சு விட்டாள்.

அப்புறம்தான் ஸ்லீவ்களைப் பார்த்தாள்.

அவை தொங்கவில்லை.

இடது ஸ்லீவ் அவர் கைக்கு மேலே, அவர் கையோடு சேர்ந்து படுத்திருந்தது. பொத்தான்கள் திறந்து. புடைத்து. அசையாமல். வலது ஸ்லீவ் மடங்கியிருந்தது. முழங்கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முழங்கை. அக்குளில் ஓர் ஊசி. ஸ்லீவின் வாயிலிருந்து வீங்கிய விரல்கள். கறுத்த நகம். மணிக்கட்டில் கறுப்புக் கயிறு.

பின்னிக்கொண்டிருந்தன.

டிக். டிக்.

கழுத்திலிருந்து மேலே. அவர் தாடைக்குக் கீழே. புது வரிசை. முதல் கண்ணி, மிளகு போல.

"கோமதி," என்றார் சோலையப்பன். "குளுரே இல்ல."

அவள் நூலைப் பிடித்து இழுத்தாள். அறுத்துவிடத்தான். விரல்கள் நின்றன. அந்த நொடியே அவர் உதடு நீலமானது. கண் மேலே செருகியது. உடம்பு நாற்காலியோடு சேர்ந்து உதறியது. எந்திரம் கூவியது. "ஆன்டி, என்னத்த இழுக்குறீங்க?" மிஸ்ஸி ஓடி வந்தாள். "விடுங்க! அங்கிள் மேல கை வைக்காதீங்க!"

கோமதி விட்டாள்.

விரல்கள் நூலை மெல்லத் தங்களிடம் இழுத்துக்கொண்டன. டிக். அவர் மூச்சு வந்தது. டிக். சிரிப்பு வந்தது. மிஸ்ஸி குழாயைச் சரிபார்த்துவிட்டு, எதையும் பார்க்காமல் திரும்பிப் போனாள்.

நூல் எங்கிருந்து வருகிறது என்று கோமதி கண்ணால் தேடினாள். நாற்காலிக்கு அடியில், ஓர் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள், மெரூன் உண்டை சுழன்றுகொண்டிருந்தது. அவள் வீட்டு டப்பாதான். உண்டை நெல்லிக்காய் அளவுக்கு வந்திருந்தது.

அவளுக்கு அழக்கூட நேரமில்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு மழைக்குள் ஓடினாள், நூல் வாங்க.

*

இது நடந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. பின்னல் குழு அதோடு கலைந்தது. ஹாலில் இப்போது சூம்பா டான்ஸ் நடக்கிறது. பூமணி டீச்சர் வீட்டை விற்றுவிட்டுச் சுபாங் ஜெயாவில் அண்ணன் மகனோடு போய்த் தங்கிவிட்டார். ஊசி, நூல் எதையும் கொண்டுபோகவில்லை. குமுதாவுக்கு மாப்பிள்ளை கிடைத்தே விட்டார். கிள்ளான் துறைமுகத்தில் கிளார்க், அமைதியான பையன். கல்யாணத்துக்குக் கட்டடமே போயிருந்தது. சாப்பாடு பரவாயில்லை.

கோமதி மட்டும் வரவில்லை. அவளும் சோலையப்பனும் பந்திங்கில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு தரைவீட்டுக்குக் குடிபோய்விட்டார்கள். ஏன் அங்கே என்று கேட்டதற்கு, அவருக்கு அந்த ஊர்தான் பிடித்திருக்கிறது என்று ஃபோனில் சொன்னாளாம். சோலையப்பன் பந்திங்கில் ஒரு நாளும் இருந்ததில்லை. சென்டர் ஏட்டில் அவர் பெயரை அடித்துவிட்டார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவர் எந்த எந்திரத்துக்கும் போகவில்லை. ஆனால் ஆள் தேறிவிட்டார் என்கிறார்கள்.

கிள்ளானில் மெரூன் நூல் கிடைப்பதால், மாதம் ஒரு பை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுப்பது குமுதாதான். பழைய சண்டையெல்லாம் யாருக்கு ஞாபகம்? போன மாதம் போனபோது மணி பதினொன்று, நல்ல வெயில். கோமதி கேட்டிலேயே பையை வாங்கிக்கொண்டாள். இளைத்து, கண் உள்ளே போயிருந்தது. "பத்தாது குமுதா," என்றாளாம். "அடுத்த தடவ ரெண்டு பை கொண்டா. தீந்துட்டா அவரு நடுங்குறாரு."

அவள் தோளுக்கு மேல் குமுதா எட்டிப் பார்த்தாள். பார்க்காமல் வருகிற பெண்ணா அவள்? முன்னறையில் சாய்வு நாற்காலியில் சோலையப்பன் உட்கார்ந்திருந்தார். மெரூன் பின்னல் கழுத்தைத் தாண்டி, வாயைத் தாண்டி, மூக்கையும் மூடி, கண்ணுக்குக் கீழே வந்து நின்றிருந்தது. கண்கள் மட்டும் வெளியே, சாந்தமாக.

"அங்கிள், சுகமா இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்தாள்.

அவர் அவளைப் பார்த்து, மடியிலிருந்த இரண்டு கைகளையும் தூக்கி, நெஞ்சுக்கு நேரே கூப்பி, வணக்கம் சொன்னார்.

டிக். டிக். பின்னல் நிற்கவில்லை.